காரின் டிக்கிக்குப் பிளைவுட் தளம் போட்டுக் கார்ப்பெட் ஒட்டுவது நம்மால் முடியுமா?

டிக்கியில் இருந்த அட்டை தொய்ந்துவிட்டது, பிளைவுட் வெட்டிக் கார்ப்பெட் ஒட்டினால் நிற்குமா, கடையில் கொடுப்பதா நாமே செய்வதா என்று கேட்டிருக்கிறீர்கள். நாமே செய்யலாம். நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதலில் செய்தது ஆறு மாதம்கூட நிற்கவில்லை. இரண்டாவது நான்கு வருடமாக வண்டியில் இருக்கிறது.

எனக்கு இது அழகுக்காக வந்த வேலை இல்லை. அம்மா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, எங்கே கூட்டிப்போனாலும் மடக்கு சக்கர நாற்காலியும் கூடவே வரும். எடை 17 கிலோ. எங்கள் வண்டி சின்ன ஹேட்ச்பேக். அதன் டிக்கித் தளம் பின் விளிம்பைவிட ஒன்பதரை செ.மீ. பள்ளத்தில் இருக்கிறது. நாற்காலியை உள்ளே வைக்கும்போது அது பெரிதாகத் தெரியாது. வெளியே எடுக்கும்போதுதான் தெரியும். குனிந்து, கையை நீட்டி, பள்ளத்திலிருந்து தூக்கி, விளிம்பைத் தாண்டி இழுக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி. இரண்டு மாதத்தில் என் முதுகு பிடித்துக்கொண்டது. தளத்தை விளிம்பு மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் நாற்காலியை இழுத்தாலே போதும், தூக்க வேண்டாம். அதற்காகத்தான் இறங்கினேன். உங்களுக்குப் பழைய மட்டமே போதும் என்றால் வேலை பாதிதான்.

அட்டை ஏன் தொய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். ஸ்டெப்னி பள்ளத்துக்கு மேலே அது ஓரங்களில் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. 185/65 ஆர் 15 டயரின் குறுக்களவு ஏறக்குறைய 62 செ.மீ. அதற்கு மேல் பள்ளத்தின் இடைவெளியும் சேரும். அவ்வளவு தூரம் ஆதாரமே இல்லாமல் ஒரு மெல்லிய அட்டை நிற்கிறது. இதில் ஈரமும் பட்டால் உப்பி வளைந்துவிடும். ஆகவே பழைய அட்டையைத் தூக்கியதும் அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். நீர்க்கறையோ பூஞ்சை வாடையோ இருந்தால் தளம் செய்வதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். டிக்கிக்குள் பழைய செய்தித்தாளை விரித்து மூடி, வெளியே பத்து நிமிடம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்தால் எந்த மூலையில் தாள் நனைகிறது என்று தெரிந்துவிடும். கதவு ஓரத்து ரப்பர் பீடிங், பின்விளக்குக்குப் பின்னால் இருக்கும் ரப்பர், இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். கசிவை அடைக்காமல் மேலே கார்ப்பெட் போட்டால் அடியில் தகரம் துருப்பிடிப்பது நம் கண்ணுக்கே தெரியாது.

அளவுக்கு வருகிறேன். இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். டேப்பை வைத்து நீளம் அகலம் எடுத்தால் வேலைக்கு ஆகாது. டிக்கியில் நேர்கோடு என்று ஒன்றுமே கிடையாது. சக்கர வளைவு உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கும், அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் பொந்து மாதிரி அகன்று போகும், இடமும் வலமும்கூடச் சரியாக ஒத்துப்போகாது. ஃபிரிட்ஜ் வந்த பெட்டி கிடைத்தால் நல்லது. முதலில் டிக்கியைவிடச் சின்னதாக ஓர் அட்டையை வெட்டி நடுவில் போடுங்கள். பிறகு விரல் அகலத்துக்குக் கீற்று கீற்றாக அட்டை வெட்டி, ஒவ்வொன்றின் நுனியும் டிக்கிச் சுவரைத் தொடும்படி வைத்து, நடு அட்டையோடு டேப் போட்டு ஒட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். வளைவு வரும் இடத்தில் கீற்றுகள் நெருக்கமாக இருக்கட்டும். முடிந்ததும் நுனிகளை எல்லாம் கோட்டால் இணைத்தால் உங்கள் டிக்கியின் உண்மையான உருவம் கிடைத்துவிடும். அதை வேறொரு முழு அட்டையில் வரைந்து வெட்டி மறுபடி போட்டுப் பாருங்கள். நான் இரண்டாம் முறை இதற்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்தேன். அப்புறம் நடந்த வெட்டுவேலை ஒரு மணி நேரம்தான்.

தளத்தை உயர்த்துகிறீர்கள் என்றால், அட்டையைக் கீழே பழைய தளத்தில் வைத்து அளவு எடுக்காதீர்கள். டிக்கிச் சுவர் மேலே போகப் போக விரியும் அல்லது சுருங்கும். புதுத் தளம் வரப்போகிற உயரத்துக்கு நான்கு மூலையிலும் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் அட்டையை வைத்து எடுங்கள்.

முதல் முறை நான் செய்த பெரிய தவறு கார்ப்பெட்டின் கனத்தைக் கணக்கில் எடுக்காதது. அட்டை அளவுக்கே பிளையை வெட்டி, உள்ளே போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. கார்ப்பெட்டை ஓரம் மடித்து ஒட்டிய பிறகு உள்ளே போகவே மறுத்தது. எங்கள் தெருவில் மரவேலை செய்யும் பெரியவர் பார்த்துவிட்டு, “தம்பி, துணி ஏறுற கனத்தை விட்டுட்டீங்களே, சுத்திலும் ரெண்டு நூல் கம்மியா வெட்டணும்” என்றார். ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், மூன்று எம்.எம்.முக்குக் கொஞ்சம் மேல். கார்ப்பெட் நான்கு எம்.எம்., கைவிரல் விட்டுத் தூக்க இரண்டு எம்.எம். என்று வைத்தால் அவர் சொன்ன இரண்டு நூல் கணக்குச் சரியாக வருகிறது. அப்போது நான் அதைக் கேட்டு மறுபடி வெட்டியிருக்க வேண்டும். ஓரத்தைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கிவிட்டேன்.

அதன் பலன் திண்டிவனம் தாண்டி ஒரு ராத்திரி கிடைத்தது. பின் டயர் பஞ்சர். அம்மா வண்டிக்குள் இருக்கிறார், பக்கத்தில் லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போகின்றன. நாற்காலி, பைகள் எல்லாவற்றையும் சாலையோரத்தில் இறக்கிவிட்டுத் தளத்தைத் தூக்கினால் வரவில்லை. இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பானரை விட்டு நெம்பி ஒரு ஓரத்தை உடைத்துத்தான் எடுத்தேன். எடுத்ததும் இன்னொரு சிக்கல். எங்கள் டிக்கியின் வாய் 96 செ.மீ., உள்ளே பொந்தோடு சேர்த்து அகலம் 104. அவ்வளவு பெரிய பலகையை ஒற்றையாக வெளியே எடுக்க அதைச் சாய்த்துத் திருப்பி ஏதேதோ செய்ய வேண்டியிருந்தது. டயர் மாற்ற இருபது நிமிடம், தளத்தை எடுக்க அரை மணி நேரம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, டார்ச்சை மட்டும் ஜன்னல் வழியாகப் பின்னால் காட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு முடிவு செய்தேன்: ஸ்டெப்னியை ஒரு கையால் தூக்கும் பலகைக்கு அடியில்தான் வைக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. 2020-இல் விதி திருத்தப்பட்ட பிறகு, பஞ்சர் கிட்டும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் உள்ள சில வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமலே வருகின்றன. உங்களுடையது அப்படி என்றால் அந்தக் கிட் எங்கே இருக்கிறதோ அதற்கும் இதே கணக்குத்தான்.

ஆகவே இரண்டாம் தளத்தை இரண்டு துண்டாகச் செய்தேன். சீட்டை ஒட்டி 18 செ.மீ. அகலத்துக்கு ஒரு நிலையான துண்டு, மீதி முழுவதும் மேலே மடியும் கதவு. பாதிக்குப் பாதி பிரிக்காதீர்கள், டயர் வெளியே வர வாய் போதாது. கீல் எதுவும் வைக்கவில்லை, இரண்டு துண்டின் மேலும் ஒரே கார்ப்பெட் ஓடுகிறது, அதுவே கீல். இரண்டு பலகைக்கும் நடுவே கார்ப்பெட் கனத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி விட வேண்டும், எட்டு எம்.எம். போதும். இல்லாவிட்டால் முழுசாக மடியாது. அந்த இணைப்புக்கு அடியில் நிலையான துண்டோடு சேர்த்து ஒரு பட்டைப் பலகை திருகியிருக்கிறேன், கதவின் ஓரம் அதன்மேல் வந்து உட்காரும். அது இல்லையென்றால் கனம் ஏறியதும் இணைப்பு கீழே தொங்கும். தூக்குவதற்குப் பழைய பையின் நைலான் வார் ஒரு துண்டு.

பிளை 9 எம்.எம்., தண்ணீரைத் தாங்கும் மரைன் வகை, அதாவது ஐ.எஸ். 710 தர முத்திரை உள்ளது. ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய ஆறு கிலோ வரும், எங்கள் டிக்கிக்கு நாலரை கிலோவில் முடிந்தது. கடைக்காரர் 18 எம்.எம். போடச் சொன்னார், தேவையே இல்லை. அது எடை இரண்டு மடங்கு, பின்னால் ஒரு மூட்டை ஏற்றிக்கொண்டே ஓடுவது மாதிரி. 9 எம்.எம். பலகைக்கு அடியில் நான்கு செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகளைப் பசையும் திருகும் போட்டுக் குறுக்கே ஓட்டினால் விறைப்பு வந்துவிடும். பலகையின் மேல்நார், அதாவது மேலே தெரியும் மர ரேகை, ஓடும் திசையும் பள்ளத்தின் குறுக்கே இருக்க வேண்டும். வெட்டும்போது இதை மறந்தால் அதே பலகை பாதி விறைப்போடு இருக்கும். தாங்குவதற்கு 18 எம்.எம். துண்டுகளை எட்டு செ.மீ. உயரத்துக்கு வெட்டி, செங்குத்தாக, ஸ்டெப்னி பள்ளத்தின் இரு பக்கமும் சீட்டுப் பக்கமும் நிறுத்தியிருக்கிறேன். அவற்றின் அடியில் கார்ப்பெட் மிச்சத்தை ஒட்டினேன், கடகட சத்தம் இல்லை.

வண்டியின் தகரத்தில் எங்கேயும் துளை போடாதீர்கள். அடியில் பெட்ரோல் டேங்க், குழாய், வயர் எது ஓடுகிறதென்று மேலிருந்து தெரியாது. துளை போட்ட இடத்தில் துருவும் அங்கிருந்தே தொடங்கும். சுவர்களை ஒட்டி உருவம் சரியாக இருந்தால் தளம் தானாகவே நகராது. ஆனால் பலகை வண்டியோடு திருகப்படாமல் சும்மா உட்கார்ந்திருப்பதால், சாமானைக் கட்ட இந்தப் பலகையில் வளையம் வைக்காதீர்கள். பிரேக் அடித்தால் பலகையும் சேர்ந்து வரும். வண்டியிலேயே கொடுத்திருக்கும் கொக்கியில் கட்டுங்கள், கனமானதைப் பின்சீட்டை ஒட்டி வையுங்கள். சி.என்.ஜி. வண்டியாக இருந்தால் சிலிண்டரைச் சுற்றிப் பெட்டி அடைக்கவே வேண்டாம். வால்வு கைக்கு எட்ட வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை சோதனைக்குச் சிலிண்டரைக் கழற்றவும் வேண்டும்.

வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் நன்றாக உருட்டிவிடுங்கள். கூர்மையாக விட்டால் அந்த விளிம்பில்தான் கார்ப்பெட் முதலில் தேயும். அப்புறம் பிளையின் எல்லாப் பக்கமும் வுட் பிரைமர் இரண்டு கோட். ஓரங்களுக்கு மூன்று, ஏனென்றால் பிளை தண்ணீரைக் குடிப்பது ஓரத்தின் வழியாகத்தான்.

கார்ப்பெட் வாங்க நான் சென்னையில் ஜி.பி. ரோடு போனேன். கார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு அது. ஸ்பீக்கர் பாக்ஸுக்கு ஒட்டும் நான்-வோவன் கார்ப்பெட் என்று கேளுங்கள், மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வீட்டுக்குப் போடும் கார்ப்பெட் வேண்டாம், மூலையில் மடியாது. இது இழுத்தால் கொஞ்சம் கொடுக்கும், வளைவில் சுருக்கமில்லாமல் உட்காரும். கையால் தடவிப் பார்த்து இழை எந்தப் பக்கம் படுகிறதென்று பின்னால் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். திசை மாறினால் ஒரே கார்ப்பெட்டே இரண்டு நிறமாகத் தெரியும்.

ஒட்டுவதற்கு ரப்பர் பசை, அதாவது ஃபெவிகால் எஸ்.ஆர். வகை. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை வேண்டாம். பலகையிலும் கார்ப்பெட்டின் பின்புறத்திலும் இரண்டு பக்கமுமே தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, அதன் பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே போக வேண்டும். பட்டதும் பிடித்துக்கொள்ளும், எடுத்து மறுபடி வைக்க முடியாது. எனவே இன்னொருவர் மறுமுனையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். மொட்டை மாடியில் செய்யுங்கள், அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீயும் பிடிக்கும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு ஏறும்போது பசை மட்டும் ஓரத்தைப் பிடித்து நிற்காது. ஐந்து செ.மீ. கார்ப்பெட்டை அடிப்பக்கம் மடித்து, சோபா செய்பவர்கள் வைத்திருக்கும் ஸ்டேப்ளர் கன்னால் எட்டு எம்.எம். பின்னை மூன்று விரலுக்கு ஒன்றாக அடித்துவிடுங்கள். மூலையில் அடிப்பக்க மடிப்பில் முக்கோணமாக வெட்டி எடுத்தால் மொத்தையாக நிற்காது.

ஒரு விஷயம் தற்செயலாகக் கிடைத்தது. வெல்க்ரோவின் முள் பக்கம் இந்தக் கார்ப்பெட்டில் நேராகவே பிடித்துக்கொள்கிறது. ஒரு சின்ன மரக்கட்டையின் அடியில் அதை ஒட்டி நாற்காலிச் சக்கரத்துக்கு முன்னால் வைக்கிறேன், திருப்பத்தில் நாற்காலி அசைவதே இல்லை.

எனக்கு எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. பிளை வெட்டிய ஜிக்சா (மின்வாள்) அந்த மரவேலைப் பெரியவருடையது. கடையில் கொடுத்தாலும் செய்து தருவார்கள், மோசமில்லை. ஆனால் ஸ்டெப்னி எப்படி வெளியே வரும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் ஒற்றைப் பலகையாகத்தான் போடுவார்கள். கடைக்குக் கொடுத்தாலும் அட்டையை நீங்களே வெட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.

அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். நாற்காலி தூரப் பயணத்துக்கு மட்டும்தான் ஏறுகிறது. மாதம் ஒரு முறை, ஸ்டெப்னிக்குக் காற்று பார்க்க அந்த வாரைப் பிடித்துத் தூக்குகிறேன், கதவு மாதிரி எழுந்து வருகிறது.