ஊற்று வற்றுகிறது என்று போர் போடலாமா?

மலைச்சரிவில் இருக்கும் ஓர் ஊரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஊருக்கே தண்ணீர் தரும் ஊற்று கோடையில் சொட்டுச் சொட்டாகக் குறைந்துவிடுகிறதாம். காண்ட்ராக்டர் ஒருவர் வந்து, ஊற்றுக்குக் கொஞ்சம் மேலே போர் போட்டு, ஊற்று வாயிலேயே சிமெண்ட் தொட்டியும் கட்டித் தருகிறேன், திட்டப் பணம் இருக்கிறது, இந்த வாரமே கையெழுத்து போடுங்கள் என்கிறாராம். போடலாமா?

போடாதீர்கள். மலைக்குள் பாறை வெடிப்புகளில் சேர்ந்த மழைநீர் வெளியே வருகிற இடம்தான் ஊற்று. அதே வெடிப்பில் போர் இறக்கினால் புதிதாக எதுவும் கிடைக்காது, தானாக வந்துகொண்டிருந்த தண்ணீரை மோட்டார் வைத்து இழுப்பீர்கள், கரண்ட் செலவு வேறு. ஊற்று வாயைத் தோண்டி கான்கிரீட் போடுவது அதைவிட மோசம், ஏனென்றால் அடைபட்ட தண்ணீர் பக்கத்து வெடிப்பு வழியாக வேறு எங்காவது போய்விடலாம், திரும்பி வராமலும் போகலாம். தொட்டி வேண்டுமானால் வாயைத் தொடாமல், குழாய் போட்டுக் கீழே தள்ளிக் கட்டச் சொல்லுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள். 20 லிட்டர் வாளி நிறைய 2 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 10 லிட்டர், ஒரு நாளைக்கு 14,400 லிட்டர். கேட்டால் ஆச்சரியமாக இருக்கும், ஆனால் இரவெல்லாம் வீணாக ஓடுவதைச் சேர்த்து வைக்க ஒரு தொட்டி இருந்தாலே பல ஊர்களில் பாதிப் பிரச்சினை தீரும். வாரம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள், மழை பெய்த நாளையும் எழுதுங்கள். மழை பெய்து ஓரிரு நாளில் ஊற்று பெருகினால் தண்ணீர் பெரும்பாலும் பக்கத்திலிருந்து வருகிறது, வாரக்கணக்கில் தாமதமானால் தூரத்திலிருந்தோ ஆழத்திலிருந்தோ வருகிறது.

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் அந்த இடம் ஊற்றுக்கு நேர் மேலேதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சாய்த்து அடுக்கிய புத்தகங்களைப் போலப் பாறை அடுக்குகள் சாய்ந்திருந்தால், மலையின் மறுபக்கத்தில் பெய்யும் மழைகூட உங்கள் ஊற்றுக்கு வரலாம். அதனால்தான் சிக்கிமில் ஊற்றுகளை மீட்க 2008இல் தொடங்கிய தாரா விகாஸ் திட்டத்தில், முதலில் பாறையைப் பார்த்துத் தண்ணீர் இறங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கப்புறம்தான் மழைநீரை மண்ணுக்குள் இறக்கக் குழிகளும் அகழிகளும் வெட்டினார்கள்.

ஆனால் அகழியும் எல்லா இடத்துக்கும் ஆகாது, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால், மண்ணில் வில் போல வளைந்த விரிசல் தெரிந்தால், மரங்கள் அடியில் வளைந்து நின்றால், முன்பு மண் சரிந்த தடம் இருந்தால், அங்கே ஒரு சாண்கூடத் தோண்டக் கூடாது. அகழியில் நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அதைக் கனமாக்கும், கீழே வீடுகள் இருந்தால் அடுத்த பெருமழையில் மண் அவற்றின் மேல்தான் வரும். அகழி வெட்ட வரும் காண்ட்ராக்டர் இதைச் சொல்ல மாட்டார், அவருக்கு அகழியின் மீட்டர் கணக்கில்தான் பில். அப்படிப்பட்ட இடத்தில் புல்லும் உள்ளூர்ச் செடிகளும் வளர விடுங்கள், ஆடு மாடு போகாமல் பாருங்கள், போதும்.

அரசாங்கம் உதவாதா என்று கேட்பீர்கள். ஊற்று ஓர் அலுவலகத்தின் கையில், மேலே உள்ள காடு இன்னொன்றின் கையில், குழாய் மூன்றாவதின் கையில். ஒவ்வொருவரும் நிதியாண்டு முடிவதற்குள் எத்தனை குழி வெட்டினோம் என்று கணக்குக் காட்டுகிறார்களே தவிர, ஊற்றில் எத்தனை லிட்டர் கூடியது என்று ஒருவரும் எழுதுவதில்லை. இமயமலைப் பகுதி ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி வற்றியோ குறைந்தோ போய்விட்டதாக மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2018இலேயே அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகும் கோப்பு மேசை மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கக் கோபம் வருகிறது.

தண்ணீர் இறங்கும் இடம் எது, அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், வேலை முடிந்து ஒரு வருடம் கழித்து ஊற்றை யார் அளப்பார்கள் என்று அந்தக் காண்ட்ராக்டரிடம் ஊர்க் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேளுங்கள். எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்து வேண்டாம். தண்ணீர் இறங்கும் இடம் தெரிந்ததும் அங்கே கழிப்பறைக் குழியோ மாட்டுக் கொட்டகையோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், அங்கே இறங்குகிற தண்ணீரைத்தான் குழந்தைகள் குடிக்கிறார்கள்.