நிலவுக்குச் செலவிடும் பணத்தை எரிபொருளுக்குச் செலவிடலாமே? திருகோணமலையிலிருந்து ஒரு பதில்

கேள்வி: விண்வெளி ஆராய்ச்சிக்கு அரசு கொட்டும் பணத்தை எரிசக்தித் தன்னிறைவுக்குத் திருப்பிவிட்டால் நாடு முன்னேறாதா? அடுப்பெரிக்கவே வழியில்லாத நாடுகளுக்கு ரொக்கெட் எதற்கு?

இதே கேள்வியை 2022 ஜூலையில், இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, மண்ணெண்ணெய் வரிசையில் வைத்து என் அண்ணா என்னிடம் கேட்டார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கடன் மனதில் கிடப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் என்றும், விவாதப் போட்டிக்குத் தயாராகிறீர்கள் என்றும் நினைக்கிறேன். கேள்வி அப்படித்தான் ஒலிக்கிறது. நான் பொருளியல் நிபுணர் அல்லன். திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பௌதிகவியல் (இயற்பியல்) கற்பிக்கிறேன். எங்கள் குடும்பம் திருக்கடலூரில் மீன்பிடிக் குடும்பம். படித்து ஆசிரியரானது நான் ஒருவன்தான். அண்ணா இன்றும் கடலுக்குப் போகிறார்.

2019 ஜூன் 17-ஆம் திகதி இலங்கையின் 'இராவணா-1' செய்மதி (செயற்கைக்கோள்) சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது. ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்த இரண்டு இலங்கையர் உருவாக்கியது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். உள்ளங்கையில் வைக்கலாம். அடுத்த நாள் வகுப்பில் கரும்பலகையில் அதன் உண்மை அளவிலேயே ஒரு சதுரம் வரைந்து காட்டினேன். கோணேசர் கோயில் மலையில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்தப் பெயர் பூமியைச் சுற்றுகிறது என்றதும் வகுப்பே எழுந்து நின்றது. அன்றிரவு அண்ணாவிடம் சொன்னபோது அவரும் மகிழ்ந்தார். "நம்முடைய ஆட்களும் செய்துவிட்டார்கள்" என்றார்.

மூன்று வருடம் கழித்துத்தான் அந்த வரிசை.

அப்போது நாட்டில் எல்லாப் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டிருந்தன. வரிசையில் ஆட்களுக்கு முன்னால் கான்கள் (எண்ணெய்க் கேன்கள்) நின்றன. ஒவ்வொரு கானின் கைப்பிடிக்குள்ளும் ஒரே நைலோன் கயிற்றைக் கோத்து, யாரும் இடையில் செருகாதபடி தூணில் கட்டியிருந்தார்கள். அண்ணாவின் கான் நீல நிறம். மூடி எப்போதோ தொலைந்துபோய், வாயில் பொலித்தீனைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் பெயரின் முதலெழுத்து. மூன்றாம் நாள் இரவு அண்ணாவைச் சற்றுத் தூங்கச் சொல்லிவிட்டு நான் காவல் இருந்தேன். அவர் தூங்கவில்லை. அந்தக் கானின் மேல் உட்கார்ந்தபடி கேட்டார்: "தம்பி, நீ அன்றைக்குச் சொன்னாயே ஒரு செய்மதி, அது எனக்கு ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் தருமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணா சிரிக்கவில்லை. அவர் என்னைக் குத்திக்காட்டக் கேட்டதல்ல, உண்மையாகவே கேட்டார். இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் மூன்று வாரமாகப் படகு கரையில் கிடந்த மனிதரின் கேள்வி அது. அதற்கு நான் மௌனமாக இருந்தேன்.

இப்போது பதிலுக்கு வருகிறேன்.

வரிசையில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் சீனக்குடா இருக்கிறது. அங்கே காட்டுக்குள் 99 எண்ணெய்க் குதங்கள், அதாவது பெரிய எண்ணெய்த் தொட்டிகள், நிற்கின்றன. பிரித்தானியர் தங்கள் போர்க்கப்பல்களுக்காகக் கட்டியவை. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். 1942 ஏப்ரல் 9-ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒரு விமானி தன் விமானத்தோடு ஒரு குதத்தின்மேல் விழுந்து எரிந்தார். மிஞ்சியவற்றில் பெரும்பாலானவை பல தலைமுறையாக மரம் முளைத்துக் கிடக்கின்றன. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தக் காலத்திலேயே, இவற்றை இரு நாடுகளும் சேர்ந்து புதுப்பிக்கும் என்று கடிதத்தில் எழுதிக்கொண்டார்கள். முறையான பங்கீடு கையெழுத்தானது 2022 ஜனவரியில்: 14 குதங்கள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பெனிக்கு. கடிதத்துக்கும் கையெழுத்துக்கும் இடையில் முப்பத்தைந்து வருடம்.

குதம் எண்ணெய் ஊறும் கிணறு இல்லை, நிரப்ப டொலர் வேண்டும், நாட்டில் டொலரே இல்லாதபோது குதம் இருந்து என்ன பயன் என்று யாராவது கேட்பார்கள். தெரியும். நான் சொல்ல வருவது வேறு. இந்த முப்பத்தைந்து வருடத்தில் இலங்கை நிலவுக்கு ஆள் அனுப்பியதா? செவ்வாய்க்குக் கலம் விட்டதா? விண்வெளிக்கென்று இந்த நாடு செலவிட்டது கைக்காசு. அப்படியானால் உங்கள் கணக்குப்படி அந்த மிச்சம் எல்லாம் எரிசக்திக்குப் போயிருக்க வேண்டும். எங்கே போனது? அண்ணாவின் கானுக்கு வரவில்லை.

சம்பூரைப் பாருங்கள். மூதூருக்குக் கிழக்கே இருக்கும் ஊர். 2006-இல் போரால் சனம் இடம்பெயர்ந்தது. அதே காலத்தில் அங்கே இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்று பேச்சு வந்தது. ஊருக்குத் திரும்ப அந்த மக்கள் ஒன்பது, பத்து வருடம் முகாம்களில் காத்திருந்தார்கள். மின்நிலையம் 2016-இல் கைவிடப்பட்டது. நிலக்கரி வராமல் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தக் கடலும் காற்றும் தப்பின. ஆனால் அதற்குப் பதிலாக 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2025 ஏப்ரலில்தான். இடையில் போன வருடங்களை எந்த ரொக்கெட் விழுங்கியது?

பெரிய நாட்டு உதாரணம் வேண்டுமென்றால் அமெரிக்கா இருக்கிறது. 1966-இல் அவர்களுடைய மத்திய அரசுச் செலவில் நாசாவின் பங்கு நூற்றுக்கு நான்கு வீதத்துக்கும் மேல். 1975 வாக்கில் அது ஒரு வீதமளவுக்கு இறங்கிவிட்டது. அப்பல்லோ திட்டத்தில் மனிதர் கடைசியாக நிலவில் இறங்கியது 1972 டிசம்பரில். அடுத்த வருடமே அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. 1973 நவம்பரில் ஜனாதிபதி நிக்ஸன் தொலைக்காட்சியில் தோன்றி, அப்பல்லோவின் உணர்வோடு உழைத்து 1980-க்குள் வெளிநாட்டு எரிபொருளை நம்பாத நாடாவோம் என்றார். நீங்கள் கேட்பது அப்படியே நடந்தது: விண்வெளிக்குக் குறைத்தாயிற்று, எரிசக்திக்குக் குரல் கொடுத்தாயிற்று. 1977-இல் அமெரிக்கா 1973-ஐவிட அதிக எண்ணெயை இறக்குமதி செய்தது. ஒரு பையிலிருந்து எடுத்த பணம் நீங்கள் நினைக்கும் பைக்குத் தானாக நடந்து போவதில்லை.

இந்தியக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன், மாணவர்களோடு சேர்ந்து. சந்திரயான்-3-க்கு ஆன செலவு சுமார் 615 கோடி ரூபாய். 2022-23 நிதியாண்டில் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெயின் விலை 15,700 கோடி டொலருக்கு மேல், அதாவது ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் கோடி ரூபாய். வகுத்தால், நிலவில் இறங்கிய பயணம் முழுவதும் நான்கு மணி நேரத்து எண்ணெய்க் காசு. விண்வெளித் துறையின் ஒரு வருட ஒதுக்கீடு 12,500 கோடி அளவில் இருந்தது. அதை முழுதாக நிறுத்தினாலும் நான்கு நாளைக்குப் போதாது. ஐந்தாம் நாள் காலையில் என்ன செய்வீர்கள்?

இந்தியாவுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று கீழே எழுத வேண்டாம். எங்கள் மீனவர்களுக்கும் இந்திய இழுவைப்படகுகளுக்கும் இருக்கும் வழக்கு எனக்கு நன்றாகத் தெரியும். கணக்கு கணக்குத்தான்.

இன்னொன்று, அண்ணாவின் கேள்விக்கு நேரான பதில். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைத் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிவார்கள். அது முதலில் எங்கள் பக்கத்தை உலுக்கிவிட்டுத்தான் அங்கே வந்தது. அப்போது என் அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. அப்பப்பாவின் (அப்பாவின் அப்பா) வள்ளம் கடலில் நின்றது. காற்று மாறுவதைத் தோலில் உணர்ந்து அவர் கரைக்குத் திரும்பினார். பக்கத்து வீட்டு வள்ளம் திரும்பவில்லை. வானிலைச் செய்மதி உலகில் 1960-இலேயே பறந்துவிட்டது, ஆனால் அது கண்டதை எங்கள் கரையில் வலை காயவைக்கும் மனிதனிடம் சொல்ல யாரும் இருக்கவில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புயல் தாக்கியபோது இறந்தவர்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல்.

2020 டிசம்பர் 2-ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அது பழைய இரண்டையும்விட மெலிந்த புயல்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்திய நாளே எங்கள் கரையில் ஒரு படகும் தண்ணீரில் இல்லை. அண்ணாவின் படகை எட்டுப் பேர் சேர்ந்து மணலில் உருட்டி, தென்னை அடியில் கவிழ்த்துக் கட்டினோம். இயந்திரத்தைக் கழற்றி வீட்டுக்குள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். வங்காள விரிகுடாப் புயல்களை முன்னறிவிக்கும் பொறுப்புள்ள வட்டார மையம் புதுதில்லியில் இருக்கிறது. மேகச் சுழலை மணிக்கு மணி பார்ப்பவை இந்தியாவும் ஜப்பானும் மற்றவர்களும் காசு செலவழித்து ஏற்றிய செய்மதிகள். அந்தக் காசில் ஒரு சதம்கூட எங்களுடையது இல்லை. அண்ணாவின் இயந்திரம் அன்று தப்பியது. மண்ணெண்ணெய் ஊற்றுவதற்கு இயந்திரம் முதலில் இருக்க வேண்டும் அல்லவா? வரிசையில் எனக்கு இது தோன்றியிருந்தால் சொல்லியிருப்பேன். தோன்றவில்லை.

'செய்மதி' என்று நான் எழுதுவதைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். முன்பு ஒரு பதிலில் இந்தச் சொல்லை எழுதியபோது ஒருவர் வந்து, "அப்படி ஒரு தமிழ்ச் சொல்லே இல்லை, செயற்கைக்கோள் என்று ஒழுங்காக எழுதுங்கள்" என்று திருத்தினார். அவருக்கு இருபத்தைந்து பேர் ஆமோதிப்பு. இலங்கையில் பத்திரிகையும் வானொலியும் பல காலமாகச் சொல்வது செய்மதி. செய்த மதி, மனிதன் செய்த நிலா. இதைவிட அழகான சொல்லை யாராவது காட்டுங்கள். நாங்கள் பௌதிகவியல் என்போம், நீங்கள் இயற்பியல் என்பீர்கள். இரண்டும் தமிழ்தான். திருகோணமலை என்று சொன்னால் "யாழ்ப்பாணத்தில் எந்தப் பக்கம்?" என்று கேட்பவர்களுக்கு இது புரியாமல் போவதில் வியப்பில்லை, ஆனால் வலிக்கிறது.

எரிசக்திக்கு வருகிறேன். எங்களைப் போன்ற எண்ணெய் இல்லாத நாட்டுக்கு உண்மையான தன்னிறைவு வெயிலிலும் காற்றிலும்தான் இருக்கிறது. அந்தச் சூரியத் தகடு எங்கே வளர்ந்தது? 1958 மார்ச்சில் அமெரிக்கா ஏற்றிய வான்கார்ட்-1 தான் சூரிய மின்கலத்தோடு பறந்த முதல் செய்மதி. அந்தக் காலத்தில் ஒரு வாட் மின்சாரம் தரும் மின்கலத்துக்கு நூற்றுக்கணக்கான டொலர் விலை. பூமியில் எந்த வீட்டுக்காரர் வாங்குவார்? விண்வெளியில் வேறு வழியில்லை, அதனால் வாங்கினார்கள். வாங்க ஆள் இருந்ததால் தொழில் செத்துப்போகாமல் நின்றது. பிறகு விலை இறங்கி, இன்று சம்பூரில் விரிக்கப் போகிறார்கள். நீங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தும் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அதற்காக, 2022-இல் இலங்கை அரசு ரொக்கெட் கட்டியிருக்க வேண்டும் என்று சொல்வேனா? மாட்டேன். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் கப்பல் காத்து நின்ற நாட்டில் அப்படிக் கேட்பது பாவம். எந்த நாடு, எந்த நேரம், எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். அரசியல்வாதிகள் பெயர் பதிப்பதற்காக ஏற்றும் செய்மதிகளுக்கும் நான் வக்கீல் இல்லை. விண்வெளியை நிறுத்தினால் அடுப்பு எரியும் என்ற வாக்குறுதியைத்தான் நம்பவேண்டாம் என்கிறேன். அதை நம்பினால், அடுப்பை அணைத்தவர்களை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எழுதி முடித்து இதை அண்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். புயலைப் பற்றி எழுதியது சரி என்றார், ஆனால் படகை உருட்டியது எட்டுப் பேர் இல்லை, ஒன்பது பேராம். மண்ணெண்ணெயைப் பற்றி எழுதியது போதாது என்றார். வரிசை முடிந்த பிறகு நடந்ததை நான் விட்டுவிட்டேனாம். ஆகவே சேர்க்கிறேன்: 2022 ஓகஸ்ட் 22-ஆம் திகதி மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. அண்ணா ஒரு தடவை கடலுக்குப் போய்வர இருபது லீற்றர் வேண்டும். முதல் நாள் 1,740 ரூபா, அடுத்த நாள் 6,800 ரூபா. அன்று அவர் பிடித்துவந்த மீன் 5,200 ரூபாவுக்குப் போனது.