கதவுக்கு அடியில் அரை அங்குலம்

ஐயா, வணக்கம்.

தணிக்கை வேலையாக மதுரை, நெல்லை, கும்பகோணம் என்று அடிக்கடி லாட்ஜில் தங்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கோழித்தூக்கம். பக்கத்து ரூம் கதவைச் சாத்தினாலே விழித்துவிடுவேன். ஏசி ரூம்தான் எடுக்கிறேன், ஜன்னலெல்லாம் மூடித்தான் இருக்கிறது. ஃபோம் இயர்ப்ளக் வாங்கினேன், பாதி ராத்திரியில் அது தலையணைமேல் கிடக்கிறது. எந்த பிராண்ட் நல்லது? இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போனுக்கு இருபதாயிரம் போடலாமா? நம் ஜனங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு சத்தம் வேண்டியிருக்கிறது? வீட்டில் எனக்கு மனத்திடம் போதாது என்கிறார்கள்.

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

மனத்திடத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி ஆகியோர் 2016-ல் வெளியிட்ட ஆய்வை வீட்டில் காட்டுங்கள். புது இடத்தில் முதல் ராத்திரி, ஆழ்ந்து உறங்கும்போதும் மூளையின் இடப்பாதி முழுதாக அடங்குவதில்லை. வித்தியாசமான ஒலி கேட்டால் அது சட்டென்று எழுப்பிவிடுகிறது. அதே இடத்தில் மறுமுறை படுத்தபோது இடப்பாதியின் அந்த விழிப்பைக் காணவில்லை. உங்கள் தலைக்குள் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அதனால் ஊருக்கு ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ரூமும் அதே ரூமாக இருக்கட்டும்.

நம் ஜனங்களைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் வருஷத்து விதி சொல்கிறது. மார்கழியிலும் ஆடியிலும் அந்த விதி படும் பாடு உங்களுக்கே தெரியும்.

ஹெட்போன் வேண்டாம். ஏசி உறுமல், பஸ் இரைச்சல் மாதிரி ஒரே சீராக வரும் சத்தத்தை அது நன்றாகவே விழுங்கும். உங்களை எழுப்புவது கதவு டமாரென்று சாத்துவதும் வராந்தாப் பேச்சும். அங்கே அதன் ஜம்பம் பலிக்காது. ஒருக்களித்துப் படுத்தால் காதுமடல் வேறு நசுங்கும்.

ஆனால் “ஜன்னலெல்லாம் மூடித்தான் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. ஊரெல்லாம் இதையேதான் சொல்கிறது. கணக்குப் பார்த்தே பிழைக்கிறவர் நீங்கள், கதவைக் குனிந்து பார்த்தீர்களா? ஏழடி உயரம், மூன்றடி அகலம்: 21 சதுர அடி. அடியில் அரை அங்குல இடைவெளி இருந்தால் அது 18 சதுர அங்குலம், மொத்தக் கதவில் 0.6 சதவீதம். இந்த ஓட்டை ஒன்று போதும். மீதியை இரும்பிலேயே செய்திருந்தாலும் அந்தக் கதவால் ஏறத்தாழ 22 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. வராந்தாவில் 65 டெசிபலில் பேசினால் உள்ளே சுமார் 43. படுக்கையறையில் தொடர்ச்சியான சத்தம் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல். லாட்ஜ்களில் 24 மணி நேரச் செக்-அவுட் வேறு. ராத்திரி ரெண்டு மணிக்கும் வேன் நிறைய ஆள் வந்து இறங்குவார்கள்.

ரூமுக்குள் போனதும் விளக்கை அணையுங்கள். வராந்தா வெளிச்சம் எங்கெங்கே கசிகிறதோ அங்கெல்லாம் சத்தமும் வரும். முதலில் கதவடி. லாட்ஜில் தரும் மெல்லிசுத் துண்டு இதற்கு ஆகாது. ஒலி அதற்குள் புகுந்து வந்துவிடும். தடித்த போர்வையைக் கதவகலத்துக்கு இறுக்கிச் சுருட்டி, கதவோடும் தரையோடும் ஒட்ட காலால் அழுத்தி வையுங்கள். ஒரு ஓரத்தில் விரல் நுழையும் இடம் விட்டாலும் பாதி வேலை வீண். கதவுக்கு மேலே வென்டிலேட்டர் இருந்தால் நியூஸ்பேப்பர் ஒட்டிப் பிரயோஜனமில்லை, காகிதத்துக்குக் கனம் கிடையாது. அந்த ரூமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பாத்ரூம். இதை ஒருவரும் யோசிப்பதில்லை. அங்கே இருக்கும் லூவர் கண்ணாடியும் எக்ஸாஸ்ட் ஓட்டையும் பல லாட்ஜ்களில் ஒரே டக்ட்டில் திறக்கின்றன. நாலு மாடியின் இருமலும் பக்கெட் சத்தமும் அதன் வழியாகத்தான் உங்களிடம் வருகின்றன. பாத்ரூம் கதவைச் சாத்தி, அதன் அடியிலும் ஒரு சுருணை வையுங்கள். இத்தனையும் ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் இருபதாயிரத்துக்கு ஹெட்போன் விலை கேட்கிறீர்கள்!

பஸ் இன்ஜின், ஜெனரேட்டர் உறுமலுக்கு மட்டும் போர்வை உதவாது. தாழ்ந்த ஒலி சுவரையே அதிரவைத்து வருவது, அதை ப்ளக்கும் முழுதாக அடக்காது. ரூம் எடுக்கும்போதே “ரோட்டுப் பக்கம் வேண்டாம், பின்பக்கம் குடுங்க” என்று கேளுங்கள். பின்பக்கம் ஜெனரேட்டர் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். லிஃப்ட், மாடிப்படி, ரிசப்ஷன் பக்கம் கூடாது. தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே உள்ள ரூமும் கூடாது, விடியுமுன் மோட்டார் போடுவார்கள். எது கிடைத்தாலும் ஃபேனைச் சுழல விடுங்கள். சீரான காற்றுச் சத்தம் மேலே இருந்தால் திடீர்ச் சத்தம் அவ்வளவு துருத்திக்கொண்டு கேட்காது.

ப்ளக் தலையணைமேல் கிடக்கிறதென்றால் குற்றம் பிராண்டில் இல்லை, நீங்கள் அதைச் சரியாகச் செருகவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, விரல்களுக்கிடையே மடிப்பு விழாமல் மெல்லிசாக உருட்டுங்கள். மடிப்பு விழுந்தால் அந்த வரி வழியாகவே சத்தம் போகும். வலக்காதென்றால் இடக்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த துவாரம் நேராகும். உடனே செருகி, விரல் நுனியால் முப்பது விநாடி அமுக்கிப் பிடியுங்கள். கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது ப்ளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். பெட்டிமேல் 29, 33 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பது ஆய்வகக் கணக்கு; படுக்கையில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். வெளியே நீட்டிக்கொண்டு தலையணையில் இடித்தால் அகன்ற முனையில் கொஞ்சம் கத்தரித்துவிடலாம். அழுக்கேறியதைத் தூக்கிப் போடுங்கள். காதில் சீழோ வலியோ இருந்தால் ப்ளக் பக்கமே போக வேண்டாம். அலாரம் கேட்காதென்ற பயம் இருந்தால் போனை வைப்ரேஷனில் போட்டுத் தலையணை ஓரம் வையுங்கள். காலையில் வெடுக்கென்று பிடுங்காதீர்கள், செவிப்பறை வலிக்கும். மெல்லத் திருகி எடுங்கள்.