69-ஆம் சங்கீதத்தில் பேசுவது யார்?

வேதபாட வகுப்பு நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: "69-ஆம் சங்கீதம் 21-ஆம் வசனத்தில் தாகத்துக்குக் கொடுக்கப்படும் காடியை (புளித்த பானத்தை) இயேசுவின் சிலுவைப்பாடுகளோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன். 'அப்படியென்றால் 5-ஆம் வசனத்தில் என் குற்றங்கள் உமக்கு மறைந்திருக்கவில்லை என்பதும் இயேசு சொன்னதா?' என்று ஒரு மாணவி கேட்டுவிட்டாள். என்ன பதில் சொல்ல?"

நல்ல கேள்வி, அந்தப் பெண்ணைப் பாராட்டுங்கள். ஆதித் திருச்சபையாரும் இதோடு மல்லுக்கட்டியவர்கள்தான்.

எல்லாச் சங்கீதங்களையும் அவர்கள் ஒரே விதமாக வாசிக்கவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு 16-ஆம் சங்கீதத்தைக் கையாளும் விதத்தைப் பாருங்கள். 'உம்முடைய பரிசுத்தவான் அழிவைக் காணவொட்டீர்' என்று பாடிய தாவீது இறந்துபோனார், கல்லறை இங்கேயே இருக்கிறது; ஆகவே இது கிறிஸ்துவைப் பற்றியது என்கிறார். 2-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், டிரைஃபோ என்ற யூதரோடு உரையாடுவதாக எழுதிய நூலிலும் இதே வாதம் வருகிறது. 110-ஆம் சங்கீதம் எசேக்கியா ராஜாவைப் பற்றியது என்ற விளக்கத்தை மறுக்கும்போது, எசேக்கியா என்றென்றைக்கும் ஆசாரியராக இருந்தாரா என்று கேட்கிறார்.

69-க்கு இந்த வாதம் செல்லாது. பகைவரின் நிந்தை, தாகம், குற்ற உணர்வு எல்லாம் எந்த மனிதனுக்கும் நேரக்கூடியவை. ஆதித் திருச்சபையின் ஆயரான அகஸ்டின் இங்கே வேறு வழி காட்டுகிறார். கிறிஸ்து தலை, திருச்சபை அவருடைய சரீரம். சங்கீதத்தில் சில இடங்களில் தலை பேசுகிறது, சில இடங்களில் சரீரத்துக்காகப் பேசுகிறது. கிறிஸ்து குற்றம் செய்தவர் அல்ல, நம் குற்றங்களைச் சுமந்தவர்; எனவே 5-ஆம் வசனம் நம்முடைய குரல் என்கிறார். 'சவுலே, சவுலே, நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்' என்ற வார்த்தையை இதற்கு ஆதாரமாக அவர் அடிக்கடி காட்டுவார்: அன்று அடிபட்டது விசுவாசிகள், 'என்னை' என்றவரோ கிறிஸ்து.

இதற்கு மறுபக்கமும் இருந்தது. மொப்சுவெஸ்தியாவின் ஆயர் தியோடர், 2, 8, 45, 110 ஆகிய நான்கை மட்டுமே நேரடியாகக் கிறிஸ்துவைப் பற்றியவை என்று கொண்டார். 553-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம் அவரைக் கண்டித்தது. ஆனாலும் பாடியவரின் காலத்தை முதலில் பார்க்க வேண்டும் என்ற அவரது பிடிவாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

வகுப்பில் முதலில் 69-ஐ முழுவதும், துன்பப்படும் ஓர் இஸ்ரவேலனின் ஜெபமாக வாசியுங்கள். வசனத்துக்கு ஒரு சம்பவம் என்று பொருத்த வேண்டாம். பிறகு ரோமர் 15:3-ஐத் திறந்து, இதே சங்கீதத்தின் 9-ஆம் வசனத்தைப் பவுல் எதற்காக எடுக்கிறார் என்று அந்த மாணவியையே சொல்லச் சொல்லுங்கள்.