ஐவர் ஆடும் மேசையில் ஒருவரே நூல் வாங்குகிறார்: ஆர்.பி.ஜி. பதிப்புத் தொழில் குறித்துக் கேள்வி பதில்

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்த்துச் செல்லும் ஆர்.பி.ஜி. (ரோல் பிளேயிங் கேம்) விளையாட்டுக்கான விதிநூல்களைச் செங்கோட்டையிலிருந்து பதிப்பித்து வருகிறேன். இத்தொழிலில் இறங்க விரும்பும் தமிழக–கேரள எல்லைப்புற நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (தென்காசி, கல்லூரி ஆசிரியை): நாவலும் கட்டுரையும் வெளியிடும் பதிப்பகத்துக்கும் இதற்கும் வணிக முறையில் என்ன வேறுபாடு, ஐயா?

நாவலை வாங்குபவர் தனியே படித்து முடித்துவிடுகிறார். இங்கோ ஐவர் ஆடும் மேசையில் ஒருவர்தான் நூல் வாங்குகிறார். அவர் நூலைப் படித்து மற்றவர்களுக்குக் கதையை நடத்துபவர். அவர் வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டால் அந்த மேசையே கலைந்துவிடும். நம்முடைய அடுத்த நூலுக்கு அங்கே வாங்க ஆள் இருக்காது.

இதை நான் இழப்பின் வழியாகவே கற்றுக்கொண்டேன். எங்கள் முதல் விதிநூலில் 500 பிரதிகள் அச்சிட்டு, புத்தகத் திருவிழாக்களில் ஏறத்தாழ 400 பிரதிகளை விற்றோம். இரண்டாம் நூல் வந்தபோது அறுபது பேர்கூட வாங்கவில்லை. பில் புத்தகத்தில் இருந்த எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசிப் பார்த்தேன். பெரும்பாலோர் நூலை விரும்பிப் படித்திருந்தார்கள். ஆனால் ஒருமுறைகூட ஆடியிருக்கவில்லை. நான்கு பேரைக் கூட்டி உட்கார வைத்தபின் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன சொல்வது, யாரை எங்கே நிறுத்துவது என்பதை எங்கள் நூல் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அன்றிலிருந்து விற்ற பிரதிகளின் கணக்குக்குப் பக்கத்திலேயே, நடந்துகொண்டிருக்கும் மேசைகளின் கணக்கையும் எழுதி வருகிறேன். எங்கள் முடிவுகள் எல்லாம் அந்த இரண்டாம் கணக்கைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன.

கேள்வி (புளியரை): டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைத் தமிழில் கொண்டுவந்து விற்கலாமா, அண்ணாச்சி? சட்டச் சிக்கல் வருமா?

ஆர்.பி.ஜி.களுக்கு முன்னோடியான அமெரிக்க விளையாட்டு அது. அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தை முறைப்படி குறிப்பிட்டால் அத்தொகுப்பை மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விலைக்கும் விற்கலாம். அந்த விளையாட்டின் பெயரும் சின்னமும் வணிகக் குறிகள். அவற்றை உங்கள் அட்டையில் போட இந்த உரிமம் இடம் தராது. தொகுப்பில் இல்லாத கதையுலகங்களும் அவ்வாறே நமக்குரியவை அல்ல.

ஆனால் சட்டம் இடம் தருவதாலேயே அது நல்ல வணிகமாகிவிடாது. 2000-இல் அதே விளையாட்டின் மூன்றாம் பதிப்பு விதிகளுக்குத் திறந்த உரிமம் வந்தபோது எத்தனையோ நிறுவனங்கள் அதே விதிகளை ஒட்டி நூல்களைக் குவித்தன; 2003-இல் மூல நிறுவனம் விதிகளைத் திருத்தி 3.5 பதிப்பை வெளியிட்டதும் கடைகளில் கிடந்த பழைய சரக்கு விலைபோகாமல் தேங்கியது. பிறர் வீட்டுச் சுவரில் பந்தல் கட்டுபவர், அந்தச் சுவர் என்றைக்கு இடிக்கப்படும் என்பதையும் கணக்கில் வைத்திருக்க வேண்டும். என் கருத்தில், நாற்பது பக்கத்துக்குள் அடங்கும் சொந்த விதிகளே புதிய பதிப்பகத்துக்குப் பாதுகாப்பானவை.

கேள்வி (கம்பம்): இத்தகைய விளையாட்டுகளில் உருட்டும் இருபது முகப் பகடைகள் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. நூலோடு சேர்த்து நாமே விற்பது நல்லதா?

நாங்கள் பகடையையே மாற்றிக்கொண்டோம். நம் வீடுகளில் தாயக்கட்டை இருக்கிறது. இல்லையென்றாலும் பாத்திரக் கடையில் கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டையிலும் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். இரண்டையும் உருட்டினால் பதினாறு வகைகளில் விழலாம். அவற்றுள் மூன்று விழ நான்கு வழிகளும், இரண்டும் நான்கும் விழ மும்மூன்று வழிகளும், தாயம் எனப்படும் ஒன்றும் ஐந்தும் விழ இரண்டிரண்டு வழிகளும், ஆறு விழ ஒரே வழியும் உண்டு. இரண்டு கட்டையும் பூஜ்யமாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கும் ஒரே வழிதான். பெரும்பாலும் நடுவில் விழுந்து, எப்போதாவது எல்லோரையும் எழுந்து நின்று கூவவைக்கும் இத்தகைய கணக்கை விளையாட்டு வடிவமைப்பவர்கள் தேடி அலைவார்கள்; அது நம் பாட்டிமார் கையில் இருந்திருக்கிறது. எங்கள் நூலில் பன்னிரண்டு விழுந்தால் பாத்திரம் நினைத்ததைவிட அதிகமாகவே நடக்கும். தாயம் விழுந்தால் புதியவர் ஒருவர் கதைக்குள் நுழைவார். இதைப் பாட்டிமாருக்கு விளக்க எங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பகடையைப் பெட்டியில் வைத்து விற்பதானால் இரண்டு செய்திகளை அறிந்திருங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்கான விளையாட்டுப் பொருள் என்று விற்றால், 2021 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை தேவைப்படும். அடுத்தது வரி. அச்சிட்ட நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் நூல், பகடை, சீட்டு ஆகியவற்றை ஒரே பெட்டியில் ஒரே விலைக்கு விற்றால், அது கலப்பு வழங்கலாகக் கருதப்பட்டு, அவற்றுள் எதற்கு வரி விகிதம் அதிகமோ அந்த விகிதமே மொத்த விலைக்கும் விதிக்கப்படும். தனித்தனியே விலையிட்டு விற்பதே நல்லது. நூலுக்கு வரி இல்லாததால், காகிதத்துக்கும் அச்சுக்கும் நாம் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதை அடக்க விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி (பாலக்காடு, சித்தூர்): சோழர் காலம், விண்வெளி, பேய்க்கதை என்று பல உலகங்களைக் கொண்டுவந்தால் பலவகை வாசகர்கள் கிடைப்பார்கள் அல்லவா?

கிடைப்பார்கள், ஆனால் ஒருவரோடொருவர் சேரமாட்டார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை 1974-இல் வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் 1990-களில் பல கதையுலகங்களை ஒரே காலத்தில் நடத்தியது. ஓர் உலகத்தில் ஆடுபவர் இன்னோர் உலகத்தின் நூலை வாங்கவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் செலவு அப்படியே இருக்க, வாங்குபவர்கள் மட்டும் சிதறிப் போனார்கள். கடைகளிலிருந்து திரும்பி வந்த சரக்கும் கடனும் சேர்ந்து அழுத்த, 1997-இல் அந்நிறுவனம் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் என்ற வேறொரு விளையாட்டு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அவ்வளவு பெரிய சந்தையிலேயே தாங்காதது நம்முடைய சிறிய சந்தையில் தாங்குமா?

நாங்கள் செங்கோட்டையிலிருந்து கேரளத்துக்குச் செல்லும் ஆரியங்காவுக் கணவாயை விட்டு வெளியே போகவில்லை. பொதிமாட்டு வணிகர்கள், சுங்கச் சாவடி, சாரல் காலத்தில் வழி மறையும் காடு, 1904-இல் மலையைக் குடைந்து வந்த ரயில், 1956 நவம்பர் முதல் நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கதை என்று ஒரே நிலத்தை நான்கு காலங்களில் எழுதியிருக்கிறோம். நில வரைபடம் ஒன்றே என்பதால், முதல் நூலை வைத்திருப்பவருக்கு நான்காம் நூலும் பயன்படுகிறது.

கேள்வி (புனலூர்): எங்கள் பக்கத்தில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் மலையாள வழியில் படித்தவர்கள். மலையாளப் பதிப்பு வருமா?

இதைப் பற்றி நெடுநாள் யோசித்தேன். இரு மொழியையும் ஒரே நூலில் அச்சிட்டால் ஃபாரம் (அச்சகத்தில் பதினாறு பக்கமாக மடிக்கும் தாள்) இரட்டிப்பாகி விலையும் ஏறிவிடும். பிறகு உங்கள் பக்கத்துக் கழுதுருட்டியில் ஒரு மேசையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. கதை நடத்துபவர் தமிழ் நூலைப் படித்துப் பேசுகிறார்; ஆடுபவர்கள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள்; அவர்கள் படிக்க வேண்டியிருப்பது தங்கள் கையிலுள்ள பாத்திரத் தாள் ஒன்றை மட்டுமே. ஆகவே தமிழ்ச் சொற்களையே மலையாள எழுத்தில் அச்சிட்ட பாத்திரத் தாள்களை இப்போது நூலோடு தருகிறோம். செலவு மிகக் குறைவு. அப்பக்கத்து மேசைகள் பெருகியிருக்கின்றன. முழு மலையாளப் பதிப்பை, அம்மொழியில் எழுதிப் பழகிய ஒருவர் பொறுப்பேற்கும்போதுதான் தொடங்குவோம்.

கேள்வி (நாகர்கோவில்): விலையை எப்படி நிர்ணயிக்கிறீர்கள்?

300 ரூபாய் நூலில் விற்பனையாளருக்கு 40 விழுக்காடு கழிவு தந்தால் நம் கைக்கு வருவது 180. அதில் அச்சுச் செலவு 70-ஐத் தாண்டினால் ஓவியருக்கும் எழுதியவருக்கும் நியாயமாகக் கொடுக்க முடியாது. சிவகாசி அருகில் இருப்பது நமக்கு வசதி. ஆனால் பைண்டிங்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்: மேசையில் விரித்து வைத்தே ஆடும் நூல் இது, தைத்துக் கட்டாமல் பசை மட்டும் போட்டால் பத்தாவது ஆட்டத்தில் தாள்கள் கழன்றுவிடும்.

கேள்வி (களியக்காவிளை): முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் திரட்டலாமா?

எழுத்தும் ஓவியமும் முடிந்து, மெய்ப்பும் பார்த்தபின், அச்சுக் கூலிக்காக மட்டும் திரட்டுங்கள். முன்பணம் எழுதும் காலத்திலேயே செலவாகிவிட்டால், நம்மை நம்பிய முதல் நூறு பேரை இழந்துவிடுவோம். அவர்கள்தான் கதை நடத்தக்கூடியவர்கள்.

கேள்வி (புளியரை): என்னிடம் இருப்பது 20,000 ரூபாய்தான், அண்ணாச்சி. எங்கிருந்து தொடங்கட்டும்?

விதிநூல் போடாதீர்கள். ஒரே மாலையில் ஆடி முடிக்கக்கூடிய கதை ஒன்றை, அதற்கு வேண்டிய விதிகளோடு, பதினாறு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு ஃபாரத்தில் அடங்கிவிடும்; நடுவில் பின் அடித்தால் போதும். அச்சுக்குக் கொடுக்கும் முன், ஞாயிறுதோறும் நூலகத்திலோ பள்ளித் திண்ணையிலோ புதியவர்களை வைத்து ஆடிப் பாருங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வேறொருவர் அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் படித்துக் கதையை நடத்த முடிகிற நாளில் அச்சகத்துக்குப் போகலாம். அந்த ஞாயிறு எது என்று எனக்கும் சொல்லுங்கள். புளியரை பக்கம்தானே, நானும் ஒரு பாத்திரம் ஏற்று ஆட வருகிறேன்.