காணாமல் போன ‘இஃப்’

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிரல் எழுதுவதும் கவிதை எழுதுவதும் ஒரே வேலைதான் என்று சென்ற மாதக் கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள். நான் ஒன்பது வருடமாக ஐடியில் இருக்கிறேன். காலையில் இந்தக் குறையைச் சரிசெய் என்று டிக்கெட் வரும், சாயங்காலத்துக்குள் சரிசெய்து அனுப்ப வேண்டும். நான் பார்க்கும் கோடில் தள்ளுபடி கணக்கிடும் ஒரு நிரல் பகுதி (ஃபங்ஷன்) மட்டும் 300 வரி. அதைத் தொட எல்லோருக்கும் பயம். புது நிபந்தனை வந்தால் கடைசியில் இன்னொரு ‘இஃப்’ (இப்படி இருந்தால் இதைச் செய் என்ற கட்டளை) சேர்ப்போம், அவ்வளவுதான். இப்போது அதையும் ஏஐ எழுதித் தருகிறது. இதில் கவிதை எங்கே இருக்கிறது? கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கா., திருச்சி

அன்புள்ள கா.,

உங்கள் கேள்வி நியாயமானது. கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் 1974-இல் அத்துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், நிரல் எழுதுவது கவிதையோ இசையோ இயற்றுவது போல இருக்க முடியும் என்றார். ‘முடியும்’ என்றுதான் சொன்னார். நான் அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதியது தவறு.

கவிதை போலவே வாசிக்கும்படி பெர்ல் என்ற நிரல்மொழியில் நிரல் எழுதியவர்கள் உண்டு. அழகான விளையாட்டு, ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. வெண்பாவுக்கு இலக்கணம் உண்டு, நிரலுக்கும் உண்டு, அதனால் இரண்டும் ஒன்று என்றும் சொல்லமாட்டேன். தளை தட்டாத வெண்பா எல்லாம் கவிதை ஆகிவிடுவதில்லை. பிழையில்லாமல் கம்பைல் ஆகும், அதாவது இலக்கணம் சரி என்று கணினி ஏற்கும், நிரலும் அப்படித்தான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2016-இல் டெட் (TED) உரை மேடையில் இரண்டு சின்ன நிரல்களைக் காட்டினார். இரண்டும் லிங்க்டு லிஸ்டிலிருந்து, அதாவது ஒவ்வொன்றும் அடுத்தது எங்கே என்று காட்டும் பட்டியலிலிருந்து, ஒன்றை நீக்குபவை. கல்லூரியில் எல்லோரும் எழுதிய கணக்கு அது. நம் வசதிக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: வரிசையாகச் சில வீடுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறீர்கள். முதல் வீட்டு முகவரி உங்கள் கையில் உள்ள துண்டுச்சீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலும் அடுத்த வீட்டின் முகவரி எழுதிய சீட்டு இருக்கிறது. நடுவில் ஒரு வீட்டை விட்டுவிட வேண்டுமென்றால், அதற்கு முந்தைய வீட்டுச் சீட்டைத் திருத்த வேண்டும். சரி, முதல் வீட்டையே விட வேண்டுமென்றால்? அதற்கு முந்தைய வீடு இல்லையே. அங்கேதான் நாம் எல்லோரும் ஓர் ‘இஃப்’ போட்டோம்: முதல் வீடாக இருந்தால் இப்படிச் செய், இல்லாவிட்டால் அப்படிச் செய்.

டோர்வால்ட்ஸ் காட்டிய இரண்டாவது நிரலில் அந்த ‘இஃப்’ இல்லை. அது வீட்டைப் பார்க்கவில்லை, சீட்டைப் பார்க்கிறது. முதல் வீட்டுக்கு முந்தைய வீடு கிடையாது. ஆனால் முதல் வீட்டைக் காட்டும் சீட்டு உண்டு, உங்கள் கையிலேயே. எந்த வீடானாலும் அதைக் காட்டும் சீட்டைத் திருத்தினால் போதும். விதிவிலக்கு என்று நாம் நினைத்தது எதுவும் அங்கே இல்லை. நாம் நின்ற இடத்திலிருந்து பார்த்ததால்தான் அது விதிவிலக்காகத் தெரிந்தது.

இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. நல்ல கவிதை ஒன்றை வாசித்து முடிக்கும்போது வருகிற அதே சிலிர்ப்பு. டோர்வால்ட்ஸ் இதை நல்ல ரசனை என்றார். எனக்கும் அதைவிடப் பொருத்தமான சொல் தெரியவில்லை.

டிக்கெட் பற்றியும் எழுதியிருந்தீர்கள். 1977-இல் க்னூத்தின் புத்தகம் ஒன்றின் மறுபதிப்புக்கான அச்சுப்படிகள் வந்தன. எழுத்துகள் பார்க்கச் சகிக்கவில்லை. புத்தக வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, அச்சுக்கோக்க டெக் என்ற மென்பொருளை அவரே எழுதத் தொடங்கினார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை பத்து வருடம் போல இழுத்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் பதிப்பு எண்ணில் கணிதத்தில் வரும் ‘பை’ எண்ணின் ஓர் இலக்கம் கூடுகிறது: 3.14, 3.141 என்று. உங்களுக்கு டிக்கெட் வருவது போல, அவருக்கும் வந்தது சரிசெய்ய வேண்டிய ஒரு குறைதான். அதே க்னூத் 1984-இல், கணினிக்குக் கட்டளை இடுவதாக நினைக்காமல், கணினி என்ன செய்ய வேண்டும் என்பதை இன்னொரு மனிதருக்கு விளக்குவதாக நினைத்து நிரல் எழுதச் சொன்னார். அதற்கப்புறம்தான் நிரலில் ‘டெம்ப்2’ என்று எதையும் விளக்காத பெயர் வைக்க எனக்குக் கை வராமல் போனது.

ஏஐ எழுதித் தருவதால் இது போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேட்டால் அது இன்னோர் ‘இஃப்’ சேர்த்துத் தரும், அது ஓடவும் செய்யும். இது இங்கே வேண்டுமா என்று நிறுத்திப் பார்க்கிற கண் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த 300 வரியை முழுக்கத் திருத்த வேண்டாம். சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் இல்லாமல் தொடவும் வேண்டாம். ஒரு நாள் நேரம் கிடைக்கும்போது அதிலுள்ள ‘இஃப்’களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எவை வாடிக்கையாளர் கேட்டதால் வந்தவை, எவை நாம் பார்த்த கோணத்தால் வந்தவை என்று பிரித்துக் குறியுங்கள். இரண்டாவது வகையில் ஒன்று கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள். அது எப்படி அங்கே வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

அன்புடன்.