கிரேக்க மக்கள் பாடல்களில் யாரைக் கேட்டுத் தொடங்கலாம்?

'ஸோர்பா' படத்துக்கு இசையமைத்த தியோதொராகிஸ், அந்தப் படத்தின் ஆட்டம், இதைத் தாண்டி ஒருவரைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, புசூக்கியும் வாசித்த வாசிலிஸ் சித்சானிஸ். (புசூக்கி என்பது நீண்ட கழுத்துள்ள கிரேக்கத் தந்தி வாத்தியம்.) தியோதொராகிஸே இவர் வெட்டிய பாதையில் நடந்து வந்தவர்தான்.

தெசலி மாநிலத்து த்ரிகலாவில் 1915 ஜனவரி 18 அன்று பிறந்தவர். அப்பா செருப்பு தைப்பவர், ஓய்வு நேரத்தில் மண்டோலின் வாசிப்பார். அவர் இறந்த பிறகு வாத்தியம் பையன் கைக்கு வந்தது. 1936இல் சட்டம் படிக்கிறேன் என்று ஏதென்ஸுக்குக் கிளம்பினார். சட்டம் போன இடம் தெரியவில்லை, மறு வருஷமே முதல் இசைத்தட்டு வந்துவிட்டது.

அவர் பாடியது ரெபெத்திகோ, நகரத்து ஏழை மக்களின் பாட்டு. அப்போது ரெபெத்திகோ என்றாலே கஞ்சாப் புகை, துறைமுகம், ஜெயில். புசூக்கி கையில் இருந்தாலே ஆள் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அந்தப் பாட்டின் பெரிய தலை மார்கோஸ் வம்வகாரிஸ். 1936இல் ஆட்சியைப் பிடித்த சர்வாதிகாரி மெடாக்ஸாஸ் பாட்டுகளுக்குத் தணிக்கை கொண்டுவந்தார். கஞ்சா வரிகளும் துருக்கிச் சாயல் மெட்டுகளும் அடிபட்டன. பழையவர்கள் திணற, சித்சானிஸ் காதலையும் பிரிவையும் எழுதினார், மெட்டில் மேற்கத்திய ஹார்மனியைச் சேர்த்தார், பாடகருக்குத் துணையாக இரண்டாவது குரலை வைத்தார். ரெபெத்திகோவை ஐரோப்பாவுக்கு விற்றுவிட்டார் என்று தீவிர ரசிகர்கள் இன்றும் குறைப்படுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கும்படி செய்தார், ஆனால் வலியைக் குறைக்கவில்லை.

ஆதாரம் வேண்டுமென்றால் 'மேகம் மூடிய ஞாயிறு' ('சினெஃபியஸ்மேனி கிரியாகி') கேளுங்கள். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் தெசலோனிகியில் ஊசோ என்ற கிரேக்கச் சாராயம் விற்கும் ஒரு சின்னக் கடை நடத்திக்கொண்டு அங்கேயே வாசித்தார். 1943இல் அதே ஊரிலிருந்துதான் 40,000க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். பட்டினி வேறு. இசைத்தட்டுத் தொழிற்சாலை மூடிக் கிடந்ததால் அந்த வருஷங்களில் போட்ட மெட்டுகள் 1946க்குப் பிறகுதான் தட்டாக வந்தன. இந்தப் பாட்டுக்கு 1948 ஆயிற்று. பாடியவர்கள் ப்ரோத்ரொமோஸ் சவுசாகிஸும் சொதிரியா பெல்லூவும்.

பாட்டில் போர் என்ற பேச்சே இல்லை. ஜெர்மானியர் இல்லை, பிணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேகம், தன் மனசு, அவ்வளவுதான். தாளம் ஒன்பது எண்ணிக்கை கொண்ட ஸெய்பெகிகோ என்ற ஆட்டத் தாளம், மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். தட்டு வெளிவந்தபோது நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. யாரையும் பெயர் சொல்லாத பாட்டு என்பதால் எந்தப் பக்கத்தில் ஆளை இழந்தவனும் தன் பாட்டாக எடுத்துக்கொள்ள முடிந்தது. (வரிகளில் தனக்கும் பங்கு உண்டு என்று அலேகோஸ் குவேரிஸ் என்பவர் உரிமை கோரினார். அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை.)

1949இல் மனோஸ் ஹஜிதாகிஸ் என்ற இளம் இசையமைப்பாளர் ஏதென்ஸில் ரெபெத்திகோவைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். மார்கோஸையும் சித்சானிஸையும் படித்த கூட்டத்தின் முன் தூக்கிப் பிடித்தார். பலருக்கு அது அதிர்ச்சி. அதன் பிறகுதான் புசூக்கிக்குப் பெரிய மேடைகளின் கதவு திறக்கத் தொடங்கியது.

நம்மைத் தொடும் ஒரு கிளைக்கதையும் உண்டு. ஐம்பதுகளின் கடைசியில் இந்திப் படங்கள் கிரேக்கத்தில் சக்கைப்போடு போட, அந்த மெட்டுகளை அப்படியே சுட்டு கிரேக்கப் பாட்டாக்கும் பழக்கம் பரவியது. கசன்சீதிஸ் என்ற கிரேக்கப் பாடகர் பாடிப் பிரபலமான 'மந்துபாலா' 'ஆவாரா' படப் பாட்டின் மெட்டுதான். சித்சானிஸுக்கு இந்த வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். மெட்டுக்குச் சொந்தக்காரர்களின் பெயரைக்கூடப் பல தட்டுகளில் போடவில்லை.

கடைசி வருஷங்களில் ஏதென்ஸின் கெசரியானியில் 'ஹரமா' என்ற இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தார். 1984 ஜனவரி 18, சரியாக 69ஆவது பிறந்தநாளில், லண்டன் மருத்துவமனையில் இறந்தார்.

கேட்கும் வரிசை: முதலில் மேலே சொன்ன 1948 பதிவு. அடுத்து 1938இன் 'அர்கொந்திசா'. பிறகு, மரிகா நினூவோடு 1955இல் 'தடியன் ஜிம்மி' விடுதியில் வாசித்த நேரடிப் பதிவு. ஒலித்தரம் சுமார்தான், ஆனால் நினூ எப்படிப்பட்ட பாடகி என்று அதில்தான் தெரியும். பின்னாட்களில் மற்றவர்கள் ஆர்க்கெஸ்ட்ரா வைத்துப் பாடிய வடிவங்களை இப்போதைக்குத் தொடாதீர்கள்.